பிரசவத்துக்கு முன்னும் பின்னும்: வடசென்னைத் தெருக்களில் பார்த்தவை

புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கத்துத் தெருக்களில் பல வருஷமாக நகர்ப்புற சுகாதார செவிலியராக வேலை பார்க்கிறேன். நான் தடுப்பூசி போட்ட பெண் குழந்தைகளில் சிலர் இப்போது கர்ப்பிணியாகப் பதிவு செய்ய வருகிறார்கள். ஒரே ஏரியாவில் இவ்வளவு காலம் இருந்தால் ஒரு தலைமுறை எப்படி மாறுகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. கல்யாண வயது தள்ளிப்போனது, குழந்தைகள் குறைந்தது, வீட்டில் பிரசவம் என்ற பேச்சே இல்லாமல் போனது, சிசேரியன் பெருகியது, குழந்தை தங்கவில்லை என்று வருகிறவர்கள் கூடியது எல்லாம் என் கண் முன்னால் நடந்தவை. இதில் நல்லது நிறைய இருக்கிறது. ஆனாலும் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானதும் அரசாங்கமே அவளைச் சுற்றி வந்து நிற்கும். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கொடுக்கும் பிக்மி எண், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, பணமும் பொருளுமாக 18,000 ரூபாய்க்கு முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே அந்த பிக்மி எண் வேண்டும் என்பதால் நான் போகாவிட்டாலும் அவளே தேடி வந்துவிடுவாள். குழந்தைக்குத் தடுப்பூசியெல்லாம் முடிந்த பிறகு அவள் எங்கே போனாள் என்று கேட்க ஆளில்லை. கல்யாணத்துக்கும் முதல் கர்ப்பத்துக்கும் நடுவில் அவள் தனியாக இருக்கிறாள். முதல் குழந்தைக்கும் இரண்டாவதற்கும் நடுவிலும் அப்படித்தான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் முடிந்த பிறகு வரும் முப்பது வருஷமும் அப்படித்தான். நான் பார்த்த தொந்தரவுகளில் பெரும்பாலானவை இந்த மூன்று இடைவெளியில் வந்தவை. ஆண்களோ எங்கள் கண்ணிலேயே படுவதில்லை.

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பக்கத்தைப் புரட்டினால் இதே கதைதான் எண்களில் இருக்கிறது. பிரசவங்களில் 99.6 சதவீதம் ஆஸ்பத்திரியில். சிசேரியன் 44.9 சதவீதம். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; ஆண்கள் ஆபரேஷனோ 0.1 சதவீதம். 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம். நாடு முழுக்க அது 1.9 தான் என்பதால் நாம் முன்னால் இருக்கிறோம் என்று மேடையில் சொல்லிக்கொள்ளலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அந்த மேஜையில் ஏறிப் படுத்ததே இல்லை என்பதும் அதே எண்தான்.

முதல் இடைவெளியிலிருந்து தொடங்குகிறேன். இப்போது கல்யாணமாகி வரும் பெண்கள் பலர் வேலைக்குப் போகிறவர்கள். தி.நகர் ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர், கால் சென்டர், சின்ன ஆபீஸ்களில் கணக்கு வேலை. ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்று புருஷன் பொண்டாட்டி இரண்டு பேருமே நினைக்கிறார்கள். மாமியார் வீட்டில் அதைச் சொல்ல முடியாது. என்னிடம் வந்து கேட்கவும் மாட்டார்கள். சிஸ்டர் வீட்டுக்கு வந்தாலே ‘விசேஷமா?’ என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள் அல்லவா? அதனால் தேதி கணக்கு, அல்லது கடைசி நேரத்தில் விலகிக்கொள்வது, அதுவும் தப்பினால் மெடிக்கலில் ஏதாவது மாத்திரை.

அப்படி ஒரு பெண். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை. வார விடுமுறை அன்று பி.பி. பார்க்கணும் என்று சுகாதார நிலையத்துக்கு வந்தாள். பி.பி. குறைவு, நாக்கும் கண் இமையின் உள்பக்கமும் வெளுத்துக் கிடந்தன. விரலில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கம். ‘தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சும்மா?’ என்றேன். அழ ஆரம்பித்தாள். ‘நிக்கவே மாட்டேங்குது சிஸ்டர், பதினஞ்சு நாளா போயினே இருக்கு.’ நாள் தள்ளிப்போனதும் புருஷன் யாரிடமோ சொல்லி மாத்திரை வாங்கி வந்திருக்கிறார். டப்பா இல்லை, உள்ளே வரும் சீட்டு இல்லை. அட்டையிலிருந்து வெட்டிக் கொடுத்த துண்டு. எதை எப்போது போடுவது என்று சொல்ல ஆளில்லாமல் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் விழுங்கியிருக்கிறாள். அரை குறையாகக் கலைந்து, மிச்சம் உள்ளே தங்கிவிட்டது. அன்றைக்கே அரசு மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ச் சுத்தம் செய்து, ரத்தம் ஏற்றி அனுப்பினார்கள்.

ஏன் முன்னாலேயே வரவில்லை என்று பிறகு கேட்டபோது அவள் சொன்ன காரணங்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கருக்கலைப்பு சட்டப்படி குற்றம் என்று நினைத்திருந்தாள். புருஷன் கையெழுத்து, மாமியார் கையெழுத்து கேட்பார்கள் என்று பயம். இரண்டுமே சரியில்லை. 1971லிருந்து கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். குறிப்பிட்ட சில நிலைமைகளில் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய கையெழுத்து மட்டும்தான் தேவை. கருத்தடை பலிக்காமல் போனது என்பதும் ஏற்கக்கூடிய காரணம். கல்யாணமாகாத பெண்ணுக்கும் அது பொருந்தும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. யார் என்ன என்ற விவரத்தை ஆஸ்பத்திரி வெளியே சொல்லக் கூடாது.

மாத்திரையில் கலைப்பது தப்பான வழி இல்லை. 9 வாரம் வரை டாக்டர் கொடுத்து, சொன்ன முறையில் போட்டால் பாதுகாப்பானதுதான். முதலில் ஒரு மாத்திரை, ஒன்றிரண்டு நாள் கழித்து அடுத்தது, இரண்டு வாரத்தில் திரும்ப வந்து காட்டுவது. அதற்கு முன்னால் எத்தனை வாரம், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, உடம்பில் ரத்தம் போதுமா என்று பார்த்தாக வேண்டும். கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை வேலை செய்யாது, உயிருக்கே ஆபத்து. மாத்திரை போட்ட பிறகு மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் முழுசாக நனைந்தாலோ, காய்ச்சலும் நாற்றமும் இருந்தாலோ, மயக்கம் வந்தாலோ காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. 108க்குக் கூப்பிடுங்கள். அப்புறம் இன்னொன்று: கலைந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தரிக்கலாம். இது தெரியாமல் மூன்று மாதத்தில் திரும்ப வந்த பெண்கள் உண்டு.

உறவுக்குப் பிறகு போடும் அவசரக் கருத்தடை மாத்திரை வேறு. அது கருவைக் கலைக்காது, கரு உண்டாகாமல் தடுக்கும். 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. சட்டப்படி டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடிய மாத்திரைதான். ஆனால் சென்னையில் பல மெடிக்கல்களில் கேட்டால் ‘அதெல்லாம் வெக்கிறதில்ல’ என்பார்கள், இல்லை கேட்ட பெண்ணை மேலும் கீழும் பார்ப்பார்கள். பக்கத்து மாநிலத்துக்குப் போய்வரும் நண்பர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்கிற கல்லூரிப் பெண்களை எனக்குத் தெரியும். ஒரு மாத்திரைக்காக இந்த ஊரில் இப்படி அலைய வேண்டியிருப்பது எனக்குக் கோபம் வரும் விஷயம். அந்த அலைச்சலில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் மாத்திரையின் பலனைக் குறைக்கிறது. மெடிக்கலில் இல்லை என்றால் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் இதையே நம்பியிருப்பது மட்டும் வேண்டாம். மாதவிலக்குக் கணக்கு குழம்பும், தடுக்கும் சக்தியும் தினசரி மாத்திரை அளவுக்குக் கிடையாது.

இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் உள்ள காலத்துக்கு இப்போது நல்ல வசதிகள் இலவசமாகவே இருக்கின்றன. கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி பழையது, எல்லோருக்கும் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி ‘அந்தரா’. வாரத்துக்கு ஒரு மாத்திரை ‘சாயா’. அது லக்னோவில் நம் விஞ்ஞானிகளே கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது, பால் கொடுக்கும் தாயும் போடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. நான் ஞாயிறு, புதன் என்று சொல்லிவிடுவேன். ஞாயிறு கறி எடுக்கிற நாள், மறக்காது. அந்தரா ஊசி போட்டால் முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு உதிரம் படும், அப்புறம் மாதவிலக்கே நின்றுபோகலாம். இதை முன்கூட்டிச் சொல்லாமல் ஊசி போட்டால் அவள் அடுத்த ஊசிக்கு வரமாட்டாள்; நாலு பேரிடம் ‘கெட்ட ரத்தம் உள்ளயே தங்கிடுச்சு’ என்றும் சொல்லிவிடுவாள். ஊசியை நிறுத்தியதும் உடனே கரு தங்காது, கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம் ஆகும். அடுத்த வருஷமே குழந்தை வேண்டும் என்கிறவளுக்கு இது சரிப்படாது என்று நேராகவே சொல்லிவிடுவது நல்லது.

காப்பர் டி விஷயத்தில் எனக்கு வருத்தம் அதிகம். பிரசவமானதும் 48 மணி நேரத்துக்குள் வைத்துவிடுகிற முறை தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடக்கிறது. நல்ல முறைதான், தனியாக ஒரு தடவை வந்து படுக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்டுவிட்டு வைக்க வேண்டும். வலியில் துடிக்கிறவளிடம் நாலு தாளில் கையெழுத்து வாங்கினால் அதற்குப் பெயர் சம்மதம் ஆகாது. எங்கள் ஏரியாவில் ஒரு பெண், முதல் குழந்தைக்கு நாலு வயது. இரண்டாவது தங்கவில்லை என்று தர்காவுக்கும் கோயிலுக்கும் போய், நாட்டு மருந்தும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கப் போனாள். உள்ளே காப்பர் டி. யாரும் சொல்லவில்லையே என்று அவள் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம். ஒரு மூலையில் ஆங்கில எழுத்துச் சுருக்கமாக எழுதியிருந்தார்கள்.

அதிலிருந்து நான் ஏழாம் மாதத்திலேயே இந்தப் பேச்சை எடுத்துவிடுகிறேன். வளைகாப்புக்கு முன்னால், மனசு நிதானமாக இருக்கும் நேரம் அது. காப்பர் டியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். உள்ளங்கையில் ஒரு பக்கமாக அடங்கிவிடுகிற, செம்புக்கம்பி சுற்றிய பிளாஸ்டிக். ‘இவ்ளோதானா?’ என்பார்கள். வயிற்றுக்குள் ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்ற பயத்தில் பாதி அங்கேயே போய்விடும். வேண்டுமா வேண்டாமா என்று அவள் சொல்வதைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி வைப்பேன். பிரசவமாகி வீடு திரும்புகிறவர்களும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கும்போதே ‘காப்பர் டி வெச்சிருக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வைத்திருந்தால் ஆறு வாரத்தில் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை. மாதவிலக்கில் ஏற்கெனவே உதிரம் அதிகம் போகிறவர்களும் ரத்தசோகை உள்ளவர்களும் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது.

மூன்றாவது இடைவெளிதான் பெரியது. இரண்டாவது பிரசவத்தோடு இருபத்தைந்து இருபத்தாறு வயதில் ஆபரேஷன். அதோடு கர்ப்பப்பை சம்பந்தமான எல்லாம் முடிந்துவிட்டது என்று அவளும் நினைக்கிறாள், நாங்களும் நினைக்கிறோம். அதற்கப்புறம் வரும் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, இடுப்பு வலி எல்லாவற்றுக்கும் ‘ஆபரேஷன் பண்ணதால’ என்று ஒரே காரணம். வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள், இளநீர் குடிப்பார்கள், மெடிக்கலில் மாத்திரை வாங்குவார்கள். யாரும் படுக்கவைத்துப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். சில பேரை நேராகக் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லித் தனியார் கிளினிக்கில் தேதி கொடுத்திருப்பார்கள். முப்பத்தி நாலு வயதில்.

இந்தப் பேச்சு வெளியே வர இடம் முக்கியம். எங்கள் நிலையத்தில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது பெயர் கூப்பிட்டு ‘என்ன பிரச்சனை?’ என்று கேட்டால் எல்லோருக்கும் தலைவலிதான், கை கால் குடைச்சல்தான். ஊசி போடும் அறையில் ஜன்னல் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, கூட வந்த மாமியாரை ‘நீங்க போய் சுகர் பார்த்துட்டு வாங்கம்மா’ என்று அனுப்பிவிடுவேன். சுகர் வரிசை நீளம், எனக்கு நேரம் கிடைக்கும். அங்கே நான் கேட்பது இவ்வளவுதான்: எத்தனை நாளாக, நாற்றம் உண்டா, அரிப்பு உண்டா, தயிர் மாதிரித் திரியாகவா, மஞ்சளாகவா பச்சையாகவா, சேரும்போது வலிக்கிறதா, வீட்டுக்காரருக்கு ஏதாவது இருக்கிறதா. மாதத்தின் நடுவில் வழவழப்பாக, நாற்றமில்லாமல் படுவது இயற்கை, அதற்கு மருந்து வேண்டாம். இதைக் கேட்டதும் சிலர் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்க்க வேண்டும். சோப்பும் டெட்டாலும் ஊற்றி உள்ளே கழுவுவதை நிறுத்தச் சொல்வேன், அதனாலேயே தொற்று கூடுகிறது.

தொற்று என்று தெரிந்தால் அரசு ஆஸ்பத்திரிகளில் இருக்கும் சுகவாழ்வு மையத்தில் நிறம் பிரித்த மருந்து உறைகள் தருவார்கள். அரிப்பும் நாற்றமுமாக இருந்தால் பச்சை உறை, கர்ப்பப்பை வாயில் சீழ் இருந்தால் சாம்பல் உறை, அடிவயிற்று வலியோடு இருந்தால் மஞ்சள் உறை. உறைக்கு மேல் பெயர் எதுவும் இருக்காது. சாம்பல் உறையும் மஞ்சள் உறையும் வாங்கினால் கணவருக்கும் சேர்த்துச் சிகிச்சை நடக்க வேண்டும். இங்கேதான் இடிக்கும். ‘எனக்கு ஒண்ணும் இல்ல, நான் ஏன் போடணும்’ என்பார். அவள் மருந்து சாப்பிட்டுக் குணமாவாள், இரண்டு மாதத்தில் அதே தொற்றோடு திரும்ப வருவாள். ஆணுக்கு வெளியே எதுவும் தெரியாமலே தொற்று இருக்கலாம் என்பதைப் பெண் வழியாகச் சொல்லி அனுப்பினால் வீட்டில் சண்டைதான் வரும். டாக்டர் சீட்டில் எழுதி, ‘இரண்டு பேரும் சேர்ந்து வரவும்’ என்று முத்திரை வைத்துக் கொடுத்தால் பலர் வருகிறார்கள். எழுதின காகிதத்துக்கு எங்கள் ஏரியாவில் மரியாதை உண்டு.

முப்பது வயது தாண்டிய பெண்களிடம் அதே ஸ்டூலில் வைத்து கர்ப்பப்பை வாய்ச் சோதனை பற்றிப் பேசுவேன். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் பார்ப்பது, வெள்ளையாக மாறும் இடம் இருக்கிறதா என்று. அவ்வளவுதான், ரத்தம் எடுப்பதில்லை, வெட்டுவதில்லை. வெள்ளையாகத் தெரிந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்த பரிசோதனைக்கு அனுப்புவார்கள், ஆரம்ப நிலை என்றால் அந்த இடத்தை மட்டும் சுட்டு எடுத்துவிடலாம். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்து புற்றுநோய்ப் பதிவேடு வைத்திருக்கிறது. அப்போது நம் ஊர்ப் பெண்களுக்கு அதிகம் வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அது வருஷத்துக்கு வருஷம் குறைந்து, மார்பகப் புற்றுநோய் மேலே போய்விட்டது. பிள்ளைகள் குறைந்ததும் கல்யாண வயது கூடியதும் காரணம் என்பார்கள். குறைந்திருக்கிறதே தவிர ஒழியவில்லை. எனக்குத் தெரிந்து தள்ளிப்போட்டவர்கள் பலர் வலிக்குப் பயந்து தள்ளிப்போடவில்லை, காலை விரித்துப் படுக்க வெட்கப்பட்டுத்தான். நைட்டி போட்டு வாங்க, முழுசாகக் கழற்ற வேண்டாம், பெண்கள்தான் பார்ப்பார்கள் என்று சொன்னால் வருகிறார்கள். ஒருத்தி வந்துவிட்டால் அதே மாடியிலிருந்து அடுத்த வாரம் மூன்று பேர் வருவார்கள்.

இனி ஆண்கள். எங்கள் தெருவில் ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், ‘அந்தக் காலத்துல ஆம்பளைங்கதாம்மா போய் பண்ணிக்கினோம்’ என்பார். உண்மைதான். 1950களின் பிற்பகுதியில் நாட்டுக்கே முன்னோடியாக ஊக்கத்தொகை கொடுத்து ஆண்கள் ஆபரேஷனை நடத்தியது அன்றைய மதராஸ் மாநில அரசு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ல், நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன், பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் பிடித்துவைத்துச் செய்தார்கள். அந்தப் பயத்துக்குப் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் பெரிதாகத் திரும்பவில்லை, சுமை முழுக்கப் பெண்கள் மேல் விழுந்தது. இன்றைக்கு அந்த 0.1 சதவீதம் வந்த வழி இது.

ஒரு ஆட்டோ டிரைவர். மனைவிக்கு இரண்டும் சிசேரியன், இரண்டாவதில் உதிரம் அதிகம் போய்ப் பிழைத்ததே பெரிது. அப்போதைய நிலைமையில் ஆபரேஷன் செய்யவில்லை, பிறகு வந்து செய்துகொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் மறுபடி மேஜையில் படுக்கப் பயந்தாள். அவரிடம் பேசலாம் என்று வீட்டுக்குப் போனால் அவர் அம்மா வாசலிலேயே, ‘சம்பாதிக்கிற புள்ளமா, அவன் மேல கத்தி வெக்காதீங்க’ என்றார். சரி என்று வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து சாயங்காலம் ஆட்டோ ஸ்டாண்டில் அவரைத் தனியாகப் பார்த்தேன். கத்தியே கிடையாது, தோலில் சின்னத் துளை, தையல் கிடையாது, அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போகலாம், ஒரு வாரம் பாரம் தூக்காமல் இருந்தால் போதும் என்றேன். கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தலை நிமிராமல், ‘அப்புறம் எல்லாம் அப்படியே இருக்குமா சிஸ்டர்?’ என்றார். எல்லா ஆண்களின் கேள்வியும் அதுதான். ஆசை, விறைப்பு, விந்து வெளியேறுவது எதுவும் மாறாது. விந்தில் உயிரணு மட்டும் இருக்காது. செய்துகொண்டார். மூன்று மாதம் வரை நிரோத் (ஆணுறை) போட வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உயிரணு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் விடலாம். இதை மறந்துவிட்டு மனைவி கர்ப்பமானதும் அவள் மேல் சந்தேகப்பட்ட குடும்பம் ஒன்று இருக்கிறது, அதனால் இந்த மூன்று மாதக் கணக்கை நான் எழுதியே கொடுப்பேன். அவர் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொண்டார். ஆனால் அவருடைய ஸ்டாண்டிலிருந்தே இன்னொருவர் என்னைத் தேடி வந்தார்.

குழந்தை தங்கவில்லை என்று வருகிறவர்களிடமும் இதே கோணல். இரண்டு வருஷம் அந்தப் பெண் ஸ்கேன், குழாய்ச் சோதனை, ஊசி என்று அலைந்திருப்பாள். கணவருக்கு விந்துப் பரிசோதனை ஒரு தடவை கூட எடுத்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றிலும் செலவு குறைந்ததும் வலியில்லாததும் அதுதான். முதல் நாளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பரிசோதனை கேளுங்கள். முறையாகச் சேர்ந்து இருந்தும் ஒரு வருஷம் தங்கவில்லை என்றால் போய்ப் பார்க்கலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே போய்விடுங்கள். தனியார் சென்டரில் நகையை அடகு வைப்பதற்கு முன்னால் எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டுங்கள், அங்கேயும் கருத்தரிப்பு மையம் வந்துவிட்டது.

எச்.ஐ.வி. பற்றிச் சொல்லாமல் சென்னைக் கதை முடியாது. 1986ல் இந்தியாவிலேயே முதன்முதலாக அது கண்டுபிடிக்கப்பட்டது இங்கே எடுத்த ரத்தத்தில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளை எடுத்து வேலூரில் சோதித்தபோது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல் தொற்று இருந்தது. இப்போது ஆயிரத்துக்கு இரண்டு பேர் அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2004லிருந்து கூட்டு மருந்து இலவசம். தொற்றுள்ள தாய் கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கி, குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தால் குழந்தை பெரும்பாலும் தொற்றில்லாமல் பிறக்கிறது. என் ஏரியாவில் அப்படிப் பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இறங்கிவிட்டது என்பதால் இளசுகளிடம் பயம் போய்விட்டது, கூடவே நிரோத்தும் போய்விட்டது. கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனை எடுக்கும் அன்றைக்கே கணவரையும் எடுக்கச் சொல்கிறோம். ‘எல்லாருக்கும் எடுக்கிறது’ என்று சாதாரணமாகச் சொன்னால் வருவார்கள். சிபிலிஸ் ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஒரே பென்சிலின் ஊசியில் தீரும், விட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தை போய்விடும்.

பதினெட்டு வயதுக்குக் கீழே கர்ப்பமாகிவிடும் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குத் தூக்கம் போன ராத்திரிகள் உண்டு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். அந்தப் பயத்தில் பெற்றோரே பிள்ளையைப் போலி டாக்டரிடம் அழைத்துப்போகிறார்கள். முன்னால் சொன்ன 2022 தீர்ப்பில், பிள்ளையும் பெற்றோரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயர், அடையாளம் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். வெளியே கலைத்து ரத்தம் வற்றிய பிள்ளையைப் பார்த்தவள் நான்.

யாரிடமும் நேரில் கேட்க முடியாதவர்களுக்கு 104 இருக்கிறது, எச்.ஐ.வி., பால்வினை நோய் சந்தேகங்களுக்கு 1097. இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். சொந்த ஏரியாவில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று தயங்கினால் எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் போகலாம். எந்தத் தெரு என்று பார்த்துத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் சாயங்கால பாலிகிளினிக் எந்த நிலையத்தில், எந்த நாளில் மகப்பேறு டாக்டர் வருகிறார் என்று உங்கள் சுகாதார நிலைய வாசல் போர்டில் பார்த்துக்கொள்ளுங்கள். போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்கேன், சாப்பிட்ட மாத்திரையின் காலி அட்டை மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.